இரண்டாம் படத்துக்கு முந்திய பொழுது

ஓய்வு என்னும் சொல்லை எங்கள் ஏரிக்கரையில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. பொழுதுபோக்கு என்பதும் அங்கே வழங்காத சொல். வேலை முடிந்து உட்கார்ந்திருப்பதைக் குறிக்க அப்பெண்களிடம் இருந்தது 'சும்மா' ஒன்றுதான். தம்மைப் பற்றிச் சொல்லும்போது அதைத் தாழ்ந்த குரலில் சொன்னார்கள். பிறரைப் பற்றிச் சொல்லும்போது உரக்கச் சொன்னார்கள். சும்மா குந்தியிருந்தாள் என்பது ஒரு பெண்மீது எளிதில் சுமத்தக்கூடிய குற்றம். அதற்குச் சான்று வேண்டியதில்லை, மறுப்பும் செல்லாது.

எங்கள் ஊர் வடக்கனந்தலுக்கு அப்பால், கல்வராயன் மலைக்கு ஏறும் சாலையின் ஓரத்தில் இருக்கிறது. சாலைக்கும் ஊருக்கும் நடுவே ஏரி. ஊரில் பெரும்பாலோர்க்கு நிலம் இல்லை. நடவும் களையும் கரும்பு வெட்டும் உள்ள நாளில் பிறர் நிலத்தில் கூலி. இல்லாத நாளில் நூறு நாள் வேலை. தமிழில் முதுகலையும் ஆசிரியர் பயிற்சியும் முடித்துவிட்டு அரசுப் பள்ளி வேலைக்குக் காத்திருந்த ஆண்டுகளில் அந்த நூறு நாள் வேலைக்கு நான் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தேன். காலையில் ஆளுக்கு ஒரு குழி அளந்து கொடுப்பதும், வந்தவர்களைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புவதும் என் பணி. என்னை 'டீச்சரு' என்றே அழைத்தார்கள். பள்ளிக்கூட வாசலை ஆசிரியராக ஒரு நாளும் மிதித்திராதவளை அப்படி அழைப்பதில் கேலியும் இருந்தது. என்றாவது ஆகிவிடுவாள் என்ற நல்லெண்ணமும் இருந்தது.

படம் நாளொன்றுக்கு இரு முறை எடுக்க வேண்டும். வந்ததும் ஒன்று, சில மணி நேரம் கழித்து மற்றொன்று. இரண்டிலும் முகம் இருந்தால்தான் அன்றைய வருகை செல்லும். எங்கள் பெண்களோ வெயிலுக்கு முந்திக்கொள்ள விடியும்போதே வந்து, அளந்து விட்ட குழியை உச்சிக்கு வெகு முன்பே வெட்டி முடித்துவிடுவார்கள். முன்பு அதோடு வீட்டுக்குப் போய்விடலாம். இரண்டு படம் எடுக்கும் முறை வந்தபின் போக முடியாது. செய்ய வேலையும் இல்லை. போக வழியும் இல்லை. ஏரி மேட்டிலுள்ள வேலமர நிழலில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டாம் படத்துக்காகக் காத்திருப்பார்கள்.

"நாம இன்னா திருடிங்களா? இப்டி வரிசயா நிக்க வெச்சி மூஞ்சப் புடிக்கறாங்க" என்று எல்லாரும் அந்தக் காத்திருப்பைத் திட்டினார்கள். அவரவர்க்கு வீட்டில் அடுப்பு இருந்தது, ஆடு இருந்தது. திட்டாதவர் ஒருவர்தான். அவர் எனக்குச் சின்னம்மா முறை. ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லியான உடம்பு, குழி வெட்டுவதில் எல்லோருக்கும் முந்தி முடிப்பவர். முடித்த கையோடு மரத்தடியைக் கூட்டி, குச்சியால் தாயக்கட்டம் கீறிவிடுவார். முந்தானையில் புளியங்கொட்டைகள் முடிந்திருக்கும். ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை கல்லில் உரசி வழுவழுப்பாக்கிய கொட்டைகள். உருட்டும்போது ஒன்று மட்டும் வெள்ளை காட்டினால் தாயம். தாயம் விழுந்தால்தான் காய் களத்தில் இறங்கும். எதிரியின் காய் ஒன்றையாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குள் நுழையலாம். சுற்றி முடித்து நடுவே சேர்ந்த காய்க்குப் பழம் என்று பெயர்.

அவருக்கு எதிரே எப்போதும் உட்காருபவர் அவருடைய நாத்தனார், கணவரின் தங்கை. அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவர். பருத்த உடம்பு, பெரிய குரல்.

"இன்னா அண்ணி, கொட்டய உருட்றியா, தாலாட்டறியா? சீக்கிரம் போடு. எனுக்கு வயசாவுது."

"வாய மூட்றி. ஒங்கண்ணங்கிட்ட பேசிப் பேசி எனுக்கு வாயே பூட்டுது. கைதான் மிச்சம்."

"அந்தக் கையில தாயம் வுழுந்து நா பாத்தது இல்லியே!"

"தோ பாரு. வுழுந்துச்சா? எறங்குடி மவளே கீழ. வெட்டு!"

வெட்டுப்பட்ட காயை நாத்தனார் எடுக்காமல் கையால் மூடிக்கொள்வார். சின்னம்மா அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பார். சுற்றி இருப்பவர்கள் இரு கட்சியாகப் பிரிந்து கூச்சலிடுவார்கள். நான் சற்றுத் தள்ளி ஏதேனும் ஓர் உரைநூலை விரித்து வைத்திருப்பேன், பக்கம் புரண்டதில்லை. சின்னம்மா சிரிக்கும்போது கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணீர் வரும், முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரிப்பார். ஊருக்குள் அவர் அப்படிச் சிரித்து யாரும் கண்டதில்லை.

ஒரு நாள் படம் அனுப்பும் செயலி பழுதென்றும், காலைப் படமே போதும் என்றும் எனக்குச் செய்தி வந்தது. சொன்னதும் பெண்கள் மண்வெட்டியும் கூடையுமாகக் கலைந்தார்கள். நாத்தனாரும் போய்விட்டார். சின்னம்மா மட்டும் கீறிய கட்டத்தின் முன்னே உட்கார்ந்திருந்தார்.

"நீங்க போகலையா சின்னம்மா?"

"போறேன். சித்த நேரம் ஆவட்டும்" என்றவர், சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்கு ஒரு போட்டோதான்னு எங்க வூட்ல சொல்லிடாத, கண்ணு. ரெண்டாவது போட்டோ வரிக்கும் மண்ணு வெட்டறோம்னு சொல்லி வெச்சிருக்கறேன்."

அவர் கணவர் பக்கவாதத்தில் ஒரு புறம் விழுந்து கிடக்கத் தொடங்கி ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே மகன் தியாகதுருகத்தில் மனைவி மக்களோடு இருந்து சரக்கு வண்டி ஓட்டினான். வீட்டில் வேறு ஆள் இல்லை. காலையில் கணவருக்கு எல்லாம் செய்து முடித்து, நல்ல கைக்கு எட்டும் இடத்தில் கஞ்சியும் தண்ணீரும் வைத்துவிட்டு வருவார்.

"நாளெல்லாம் கூப்புட்டுக்கினே இருப்பாரு. தண்ணிம்பாரு, குடுத்தா வேணாம்பாரு. ஈ மொய்க்குதும்பாரு. ஒண்ணும் இல்லன்னாலும் கூப்புடுவாரு. அவரு மேல தப்பு இல்ல. கெடக்கறவரு இன்னா பண்ணுவாரு? நானும் குறை வெக்கல. ஆனா இங்க வந்து குந்தினா என்ன யாரும் கூப்புட மாட்டாங்க, கண்ணு. கூப்புட்டாலும், தாயம் போடுன்னுதான் கூப்புடுவாங்க."

இரண்டாம் படம் மற்றவர்களுக்குத் தளை. அவருக்கோ அது வீட்டாரிடம் சொல்லக்கூடிய ஒரு காரணம். அந்தக் காரணத்தின் நிழலில்தான் அவருடைய நாளில் அவருக்கென்று ஒரு பொழுது இருந்தது. அது போனால் வேறு பொழுது இல்லை. இதை நாத்தனாரும் அறிவார் என்பது பின்னர் எனக்குத் தெரிந்தது. கிடப்பவர் அவருக்கு உடன்பிறந்த அண்ணன். இருந்தும் அவர் காட்டிக்கொடுக்கவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு நடுப்பகலில் கணவர் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். தண்ணீர்ச் சொம்பு தட்டிப்போய் உருண்டிருக்கிறது. அதை எட்டப்போய் விழுந்திருக்கிறார். தெருவில் எல்லாரும் வேலைக்குப் போயிருந்த நேரம். சின்னம்மா வீடு திரும்பியபோது அவர் நெற்றியில் இரத்தம் காய்ந்திருந்தது. செய்தி கேட்டு வந்த மகனிடம், "வேலய வுட்டு நவுர வுட மாட்டேன்றாங்கடா" என்று சொன்னார். மகன் அரசைத் திட்டினான். படம் எடுக்கிறவர்களைத் திட்டினான். நானும் அங்கே நின்றிருந்தேன். சின்னம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

சில நாள் வேலைக்கு வரவில்லை. பிறகு வந்தார். குழியை முடித்துவிட்டுச் சிறிது நேரம் நின்றார். பிறகு மரத்தடியைக் கூட்டிக் கட்டம் கீறினார். முன்னைவிட மூர்க்கமாக ஆடினார்.

ஆடியில் மலையில் மழை விழுந்து அருவிகளில் நீர் பெருகியது. சனிக்கிழமைகளில் எங்கள் சாலையில் கார்கள் வரிசையாக ஏறும். அருவியில் குளிக்கப் போகிறவர்கள். அப்படி ஒரு சனிக்கிழமை, கார் ஒன்று ஏரி மேட்டின் அருகே நின்றது. இளைஞர்கள் சிலரும் ஒரு பெண்ணும் இறங்கி வழி கேட்டார்கள். எங்கள் பெண்கள் ஒருவர் பேச்சை ஒருவர் மறித்து வழி சொன்னார்கள். "மேல போனா வலது கைப் பக்கம் திரும்பாதீங்க, தம்பி. பாற வழுக்கும், பாத்து எறங்குங்க" என்றெல்லாம் சொன்னார்கள். ஒருவர் மடியிலிருந்த கொய்யாப்பழங்களை எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தார்.

"என்ன விளையாட்டுக்கா இது? ஒரு வீடியோ எடுத்துக்கட்டுமா?" என்று ஓர் இளைஞன் கேட்டான்.

"எட்த்துக்கோ, எட்த்துக்கோ. எங்கண்ணி அழகா இருக்குது, அத்த நல்லா எடு. சினிமாவுல வரட்டும்" என்றார் நாத்தனார்.

"போடி, பைத்தியம்" என்று சின்னம்மா கொட்டையை உருட்டினார். அந்த நேரம் பார்த்துத் தாயம் விழுந்தது. விழுந்த தாயத்தில் நாத்தனாரின் காய் வெட்டுப்பட்டது. சின்னம்மா இரு கைகளையும் உயரத் தூக்கிக் கூவினார். சிரித்துச் சிரித்துப் பக்கத்திலிருந்தவர் தோளில் சாய்ந்தார். இளைஞர்களும் சிரித்தார்கள்; கை தட்டினார்கள்; கொய்யாவைக் கடித்துக்கொண்டு மலையேறிப் போனார்கள். அவர்கள் கண்ணில் வஞ்சனை எதையும் நான் அன்று காணவில்லை. இன்று நினைத்துப் பார்த்தாலும் காணவில்லை.

இரண்டொரு நாளில் அந்தக் காணொளி என் கைப்பேசிக்கே வந்தது. வெட்டி முடித்த குழிகள் அதில் இல்லை. மரத்தடியும் கட்டமும் தூக்கிய கைகளும் சிரிப்பும் மட்டும் இருந்தன. மேலே எழுத்து: உங்கள் வரிப்பணத்தில் பாட்டிகளின் உல்லாசம். பின்னணியில் ஒரு நையாண்டி இசை. கீழே முகம் அறியாதவர்கள் எழுதிய வசைகள். அவற்றுள் பலவற்றை இங்கே எடுத்தெழுதக் கூசுகிறேன். சோம்பேறிகள் என்பது அவற்றில் மென்மையானது. அருவிக்குப் போய் வந்தவர்களைப்போலத் தத்தம் விடுமுறையைக் கழித்துவிட்டு எழுதியவை அவை.

அன்று மாலையே மகன் வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டு, வேலை முடிந்துதான் உட்கார்ந்தார்கள் என்பதைச் சொல்லலாம் என்று நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே குரல் கேட்டது.

"ஸ்டாண்டுல போன நீட்டி, டேய், இது ஒங்கம்மாதானடான்னு சிரிக்கிறானுங்க. நா இன்னான்னு சொல்றது? ஆமா எங்கம்மாதான், கைய தூக்கிக்கினு ஆடுதுன்னு சொல்றதா?"

"ஆடல தம்பி. குந்திக்கினுதான் இருந்தேன்."

"குந்திக்கினு! அன்னிக்கு இவரு தண்ணிக்குத் தவிச்சி வுழுந்து கெடந்தாரே, அப்ப நீ மண்ணா வெட்டிக்கினு இருந்த? சொல்லு. மண்ணா வெட்டன?"

 நான் உள்ளே போய், "ரெண்டாவது படத்துக்கு முன்னாடியே வேலை முடிஞ்சிடும் தம்பி. படத்துக்காகத்தான் காத்திருக்கிறோம்" என்றேன். சொன்ன பிறகுதான் அந்த உண்மை சின்னம்மாவை இன்னும் ஆழத்தில் தள்ளியது என்று உணர்ந்தேன். மகன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அப்ப தெனமும் சும்மாதான் இருந்திருக்குது. நீங்களும் பாத்துக்கினுதான் இருந்தீங்க. அத்தயும் கூட சேந்துக்கினு."

கட்டிலில் கிடந்தவர் இவ்வளவு நேரமும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது தலையை மெல்லத் திருப்பினார். ஒரு புறமாகக் கோணிய வாயால் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக் கேட்டார்.

"தாயமா... ஆடன?"

அவர் குரலில் சினம் இல்லை. சினம் இருந்திருந்தால் சின்னம்மா ஏதாவது சொல்லியிருப்பார். விடை வேண்டிக் கேட்பதுபோலக் கேட்டார். சின்னம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கணவர் தலையை மீண்டும் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் சின்னம்மா வேலைக்கு வரவில்லை. ஒன்றிய அலுவலகத்திலிருந்து அலுவலர் ஒருவர் வந்தார். குழிகளை அளந்து பார்த்தார்; ஒன்றிலும் அளவு குறையவில்லை. அதை அவரே ஒப்புக்கொண்டார். "அளவு சரிதான்மா. ஆனா பாக்கறவங்க அளவையா பாக்கறாங்க?" என்றார். இனிப் பணித்தளத்தில் கூட்டமாக உட்காரக்கூடாது. சிரிப்பும் கூச்சலும் சாலைக்குக் கேட்கக்கூடாது. விளையாட்டு எதுவும் கூடவே கூடாது. வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு பெண்கள் கரை நெடுக ஆளுக்கோர் இடமாக, சாலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். தலையில் முக்காடு. பேச்சில்லை. பேசினாலும், சாலையில் கார் வருகிறதா என்று ஒருத்தி திரும்பிப் பார்ப்பாள். நாத்தனார் மட்டும், "செத்த வூட்ல குந்தற மாரி குந்தியிருக்கறோம்" என்று ஒருமுறை சொன்னார். எவரும் சிரிக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் சின்னம்மாவைப் பார்க்கப் போனேன். கட்டிலின் அருகே தரையில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். கட்டிலில் கணவர் கண் விழித்துக் கிடந்தார், உதடுகள் வெடித்திருந்தன. சின்னம்மா எழுந்து தண்ணீர்ச் சொம்பை அவர் வாயருகே கொண்டுபோனார். குடித்தார். குடித்து முடித்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

வாசலுக்கு என்னுடன் வந்த சின்னம்மா சொன்னார்: "அன்னியிலேருந்து கூப்புடறதே இல்ல, கண்ணு. நாக்கு வறண்டாலும் கூப்புட மாட்டேன்றாரு. படுக்க நனஞ்சாலும் சொல்ல மாட்டேன்றாரு. நானா பாத்துக்கினே இருக்கணும். கண்ண மூட முடியல. பழய மாரி கத்தித் தொலச்சாக்கூட நல்லாருக்கும்."

நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது நினைவில் இல்லை. நினைவில் நிற்கத் தக்கதாக அது இருந்திருக்காது.

மார்கழிப் பனியில் சின்னம்மாவின் கணவர் இறந்தார். விடியலில் சின்னம்மா சொம்போடு போனபோது உடம்பு குளிர்ந்திருந்தது. கூப்பிட்டாரோ என்று தெரியாது என்றும், தாம் அயர்ந்திருக்கக்கூடும் என்றும் வந்தவர்களிடமெல்லாம் சின்னம்மா சொல்லிக்கொண்டிருந்தார். இழவு வீட்டுப் பெண்கள் அவரைத் தேற்றினார்கள். திண்ணமாக விடை சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அவரைப் பாடையில் வைத்திருந்தார்கள்.

மாசியில் சின்னம்மா வேலைக்குத் திரும்பினார். காணொளியை அதற்குள் உலகம் மறந்துவிட்டது. வேறு எவரையோ நோக்கிச் சிரிக்கப் போய்விட்டது. அலுவலரும் மாறிவிட்டார். தடையை நினைவூட்ட ஆளில்லாமல் பெண்கள் மெல்ல மெல்ல மரத்தடியில் கூடத் தொடங்கியிருந்தார்கள். சின்னம்மா வழக்கம்போல எல்லோருக்கும் முந்திக் குழியை முடித்தார். முடித்துவிட்டு மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

நாத்தனார் தாமே கட்டம் கீறினார். கோடு கோணலாக விழுந்தது. புதிதாக உரசிய கொட்டைகளை எடுத்து வந்து சின்னம்மாவின் கையில் திணித்தார்.

"வா அண்ணி. ஒரே ஒரு ஆட்டம். எங்கண்ணனே பூட்டான். இனிமே ஒன்ன யாரு கேக்கப் போறாங்க?"

சின்னம்மா கொட்டைகளைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார், சாலையில் யாரும் இல்லை. உள்ளங்கையை ஒருமுறை மூடித் திறந்தார்.

"நீங்க ஆடுங்கடி" என்று சொல்லிக் கொட்டைகளை நாத்தனாரின் முந்தானையில் போட்டுவிட்டுத் தம் குழிக்குள் இறங்கினார்.

அளந்து விட்ட ஆழத்துக்குக் கீழே மண் வெட்டத் தொடங்கினார். வெட்டிய மண்ணைக் கூடையில் அள்ளிக் கரையில் கொட்டினார், மறுபடியும் இறங்கினார். நான் குழியின் ஓரத்துக்குப் போய், "அளவு முடிஞ்சிடுச்சு சின்னம்மா. இதுக்குமேல வெட்டினா கணக்குல வராது" என்றேன்.

"வராட்டிப் போவுது. நீ போயி நெழல்ல குந்து" என்றார், நிமிராமல்.

மரத்தடியில் பெண்கள் ஆட்டத்தைத் தொடங்கவில்லை. மண்வெட்டி விழும் ஓசையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிறிது நேரத்தில் நாத்தனார் கீறிய கட்டத்தைக் காலால் அழித்துவிட்டு எழுந்தார். தம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், அண்ணியின் குழிக்குள் தாமும் இறங்கினார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அடியில் ஈரம் கசியத் தொடங்கியிருந்தது. இரண்டாம் படத்துக்கு நேரமாகிறது என்று நான் கூப்பிடும்வரை அந்தச் சேற்றை இருவரும் மாறி மாறி வெட்டிக்கொண்டிருந்தார்கள்.